கோல் போஸ்ட்டும் கவர்மென்ட் வேலையும்

ராத்திரி எட்டு மணிக்கு மேல் அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து பூந்தமல்லிப் பக்கம் வண்டியில் போய்ப் பாருங்கள். குடோன்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் நடுவே பளீரென்று விளக்கெரியும் பச்சைக் கூண்டுகள் கண்ணில் படும். டர்ஃப். மணிக்கணக்கில் வாடகை, தலைக்கு இவ்வளவு என்று ஜிபேயில் வசூல். கல்லூரிப் பையன்கள், ஐ.டி.காரர்கள், எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் என்று எல்லாரும் ஆடுகிறார்கள். ஆட்டம் தொடங்குமுன் ஒரு சின்னப் பஞ்சாயத்து கட்டாயம் நடக்கும். யார் கீப்பர்? ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். காசும் கொடுத்துவிட்டு ஓடாமல் நிற்க யாருக்கு மனசு வரும்? கடைசியில் ‘ரொட்டேஷன்’ என்று முடிவாகும். கோல் விட்டவன் வெளியே வரலாம், அடுத்தவன் உள்ளே போகணும். சீக்கிரம் விடுதலை வாங்குவதற்காகவே பந்தை விடுகிறவர்களும் உண்டு.

இப்படி யாரும் கேட்டு வாங்காத இடத்தில் நின்றுதான் ஒரு தமிழ்ப் பெயர்க்காரர் 1958ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் எடுத்தார். பீட்டர் தங்கராஜ். சுனி கோஸ்வாமியையும் பி.கே. பானர்ஜியையும் தெரிந்த கால்பந்து ரசிகர்களிலேயே பலருக்கு இவரைத் தெரியாது. கோல் போட்டவன் பெயர் மறுநாள் பேப்பரில் வரும். கீப்பர் பெயர், அவன் பந்தை விட்ட அன்றைக்குத்தான் வரும்.

தங்கராஜ் 1935 டிசம்பர் 24 அன்று ஹைதராபாத்தில் பிறந்தவர். செகந்திராபாத்தின் மார்னிங் ஸ்டார், ஃப்ரெண்ட்ஸ் யூனியன் சங்கங்களில் ஆடிவிட்டு, 1953ல் ராணுவத்துக்குப் போனார். நீலகிரியில் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர். ராணுவத்தில் ‘தம்பிகள்’ என்றால் இந்த ரெஜிமென்ட்காரர்கள்தான். அப்போது அவருக்கு வயது 17. ஆடத் தொடங்கியதோ சென்டர் ஃபார்வர்டாக. ஆறடியைத் தாண்டிய உயரம், தலையால் முட்டிக் கோல் போடத் தோதான உடம்பு. அந்த உடம்புதான் பிற்பாடு கம்பங்களுக்கு நடுவே போய் நின்றது. ஃபார்வர்டாக இருந்தவன் கீப்பரானால் ஒரு லாபம் உண்டு. எதிரே ஓடி வருபவன் எந்த நொடியில் தலையைக் குனிவான், எந்தக் காலுக்குப் பந்தை மாற்றுவான் என்பதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரியும். தானே ஆயிரம் முறை செய்ததுதானே.

1955ல் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் டூரண்ட் கோப்பையை வென்றது. கல்கத்தாவின் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் சொந்தச் சொத்துபோல் நினைத்த கோப்பை அது. 1958ல் மறுபடியும் வென்றது. இரண்டுக்கும் நடுவில் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக். இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி நான்காம் இடம் பிடித்தது. இந்தியக் கால்பந்து ஒலிம்பிக்கில் தொட்ட உச்சம் அதுதான். அணியில் இரண்டு கோல்கீப்பர்கள். தங்கராஜ் ஒருவர், பாலக்காட்டுப் பக்கம் ஒற்றப்பாலத்தில் பிறந்து பம்பாயில் ஆடி வளர்ந்த எஸ்.எஸ். நாராயணன் இன்னொருவர். நாலே வருஷத்துக்கு முன், 1952 ஹெல்சிங்கியில், யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றுவிட்டு வந்த நாடு இது. அதற்குப் பிறகுதான் பூட்ஸ் போடாமல் ஆடும் வழக்கத்தை இந்தியக் கால்பந்து கைவிட்டது. காலுக்குப் பூட்ஸ் வந்துவிட்டது. கீப்பரின் கைக்கு உறை வருவதற்கு இன்னும் பல வருஷம் இருந்தது. அந்தக் காலத்துப் பந்து தோல் பந்து. மழையில் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். கல்கத்தா மழைக்காலத்தில், சேற்றில் ஊறிய அந்தப் பந்தை வெறுங்கையால் பிடிக்கவேண்டும்.

அவருடைய ஆட்டங்களில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டுமென்றால் 1962 செப்டம்பர் 4, ஜகார்த்தா. ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டி, எதிரணி தென்கொரியா. லீக் சுற்றில் இதே கொரியாவிடம் இந்தியா 0-2 என்று தோற்றிருந்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேஷியா அழைக்காமல் விட்டதை இந்தியப் பிரதிநிதி ஜி.டி. சோந்தி கண்டித்திருந்ததால், ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் உட்கார்ந்திருந்த அந்த மைதானம் இந்தியாவுக்கு எதிராகக் கத்தியது. இந்தியாவுக்குக் கை தட்டிய கொஞ்சம் பேரில் பாகிஸ்தான் ஹாக்கி அணியினரும் உண்டு என்பது இன்றைக்கு நம்பச் சிரமமான செய்தி.

தங்கராஜ் உடம்பு சரியில்லாமல் இடையில் ஆட்டங்களைத் தவறவிட்டிருந்தார். அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று ஜெயித்தபோது கோலில் நின்றவர் பிரத்யுத் பர்மன். இறுதிப் போட்டிக்குப் பயிற்சியாளர் எஸ்.ஏ. ரஹீம் தங்கராஜை மறுபடி உள்ளே கொண்டுவந்தார். இப்படிப்பட்ட முடிவு எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. படுக்கையிலிருந்து எழுந்து வந்தவன் முதல் உயரப் பந்தைத் தவறவிட்டால், ஜெயித்துக் கொடுத்தவனை ஏன் உட்காரவைத்தாய் என்று நாடே கேட்கும். 17ஆவது நிமிடம் பி.கே. பானர்ஜி கோல் போட்டார். 20ஆவது நிமிடம் ஜர்னைல் சிங். அவர் உண்மையில் டிஃபெண்டர், தலையில் தையலோடு ரஹீம் முன்னால் அனுப்பிவைத்தவர். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொரியா கோல் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. 85ஆவது நிமிடம்தான் ஒரு முறை திறந்தது. 2-1. தங்கம். தங்கம் வென்ற அந்த அணியில் தமிழ்ப் பெயர்களும் உண்டு. பின்னால் தங்கராஜ், முன்னால் அருமைநாயகம்.

ரஹீம் அடுத்த ஜூனில் புற்றுநோயில் இறந்துபோனார். இந்தியக் கால்பந்துக்கு ஆசிய விளையாட்டில் அதற்குப் பிறகு தங்கம் இல்லை.

தங்கராஜின் மற்றக் கணக்கை வேகமாகச் சொல்லிவிடலாம். 1960 ரோம் ஒலிம்பிக். அதே காலத்தில் சர்வீசஸ் அணிக்குக் கேப்டனாகச் சந்தோஷ் டிராபி. 1958, 1962, 1966 என்று மூன்று ஆசிய விளையாட்டுகள். ஆசிய ஆல் ஸ்டார் அணியில் இடம். 1967ல் அர்ஜுனா விருது. கல்கத்தாவின் மூன்று பெரிய சங்கங்களான முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் கோலில் நின்றார். அந்த ஊரில் ஒரு சங்கத்திலிருந்து எதிர்ச் சங்கத்துக்குப் போகிறவனைக் கட்சி மாறிய எம்.எல்.ஏ.வைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். மூன்றுக்கும் ஆடி மூன்றிலும் மரியாதையாக நடமாடியவர்கள் குறைவு. 1970களின் தொடக்கம் வரை ஆட்டம் ஓடியது.

பிறந்தது ஹைதராபாத், வளர்ந்தது வெலிங்டன், புகழ் கல்கத்தா, 2008 நவம்பர் 24 அன்று கண் மூடியது போகாரோ. இந்தப் பட்டியலில் சென்னை இல்லை. ஆனால் ஆவடி இருக்கிறது என்று சொல்வேன்.

1955ல் நடந்த மூன்று விஷயங்கள்

அந்த வருஷம் ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு. தலைமை யு.என். தேபர், நட்சத்திரம் நேரு. சோஷலிச பாணிச் சமுதாயம்தான் இலக்கு என்று தீர்மானம் போட்ட மாநாடு அது. பள்ளிப் பாடத்தில் ஒரு மார்க் கேள்வியாக இன்றும் இருக்கிறது. அக்டோபர் 2ஆம் தேதி பெரம்பூரில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். அதே வருஷம்தான் தம்பிகள் டூரண்ட் கோப்பையைத் தூக்கினார்கள்.

மூன்றையும் சேர்த்துப் பார்க்கக் காரணம் இருக்கிறது. தங்கராஜ் காலத்தில் இந்தியக் கால்பந்தில் ‘தொழில்முறை வீரர்’ என்று காகிதத்தில் எவரும் இல்லை. அவர் ராணுவ வீரர். பி.கே. பானர்ஜி கிழக்கு ரயில்வே. அந்த ரயில்வே அணி 1958ல் கல்கத்தா லீக்கையே ஜெயித்தது. ரஹீம் வளர்த்தது ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியை. சங்கங்கள் கையில் கொஞ்சம் காசு கொடுத்திருக்கலாம். ஆனால் மாதம் முதல் தேதி சம்பளம் வந்தது ஏதோ ஓர் இலாகாவிலிருந்துதான். ஆவடித் தீர்மானத்துக்குப் பிறகு பொதுத்துறை பெருகப் பெருக, விளையாட்டுக்காரனுக்கு வேலை தரும் கதவுகளும் பெருகின. சோவியத் உதவியோடு எழுந்த போகாரோ உருக்காலை அவற்றில் ஒன்று. ஆட்டத்தை விட்ட தங்கராஜ் அதன் விளையாட்டுத் துறையில்தான் கடைசியில் போய்ச் சேர்ந்தார். அந்த டவுன்ஷிப்பிலேயே வாழ்ந்து முடித்தார்.

ஆவடியிலும் அதே காலத்தில் அதே மாதிரி உலகம் எழுந்தது. டாங்க் ஃபேக்டரி என்று ஊர் சொல்லும் எச்.வி.எஃப்.; 1965ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது அங்கிருந்துதான். ராணுவச் சீருடை தைக்கும் ஓ.சி.எஃப்., சி.ஆர்.பி.எஃப். முகாம், விமானப் படைத் தளம், சிறப்புக் காவல்படை பட்டாலியன்கள். இவை ஒவ்வொன்றுக்கும் குவார்ட்டர்ஸ் உண்டு, குவார்ட்டர்ஸ் இருந்தால் கிரவுண்டும் உண்டு. சென்னை மேற்கில் முழு அளவு கோல் போஸ்ட்டைப் பார்க்க வேண்டுமானால் இந்தக் காம்பவுண்ட் சுவர்களுக்கு உள்ளேதான் போகவேண்டும். முழு அளவு என்றால் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். டர்ஃபில் இருப்பது அதில் பாதிகூட இல்லை. அங்கே கையை விரித்து நின்றாலே பாதிக் கோல் அடைந்துவிடும். அந்தக் கூண்டிலேயே ஆடி வளர்ந்த பையன் முதல் முறையாக முழுப் போஸ்ட்டுக்கு நடுவே போய் நின்றால், இடமும் வலமும் பார்த்து முகம் வெளிறிவிடுவான்.

சென்னை லீக்கின் பழைய முதல் டிவிஷன் பட்டியலை எடுத்தால் பாதி டெலிபோன் டைரக்டரியின் அரசு அலுவலகப் பக்கம் மாதிரி இருக்கும். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, ஏ.ஜி. ஆபீஸ், வருமான வரி. இந்தியன் வங்கி 1996ல் தொடங்கிய தேசியக் கால்பந்து லீக் வரைக்கும் போய் ஆடியது. கால் காசானாலும் கவர்மென்ட் காசு என்று நம் வீடுகளில் சொல்வதைக் கால்பந்துக்காரன் வீட்டிலும் சொன்னார்கள். காலையில் பிராக்டிஸ், பத்தரைக்கு ஆபீஸ், மேட்ச் இருந்தால் ‘ஸ்பெஷல் கேஷுவல் லீவ்’. அம்பத்தூரிலும் வில்லிவாக்கத்திலும் எத்தனையோ பையன்கள் பந்தின் பின்னால் ஓடியதற்கு அந்த லீவுதான் கனவு.

இந்த ஏற்பாட்டைக் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. வேலை கிடைத்ததும் தொப்பை போட்டுவிடும், ஆட்டம் மந்தமாகிவிடும் என்பார்கள். ஃபார்வர்டைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கலாம். கீப்பர் விஷயம் வேறு.

கீப்பர் பழுக்கும் வயது

நடு மைதானத்தில் ஆடுகிறவன் ஒரு முழு ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுகிறான். கீப்பர் அதில் பாதி. மூச்சும் தொடையும் அவனுக்குச் சீக்கிரம் தேய்வதில்லை. தேய்வது பாய்ச்சல்தான். இருபது வயதில் மேல் மூலைக்குப் போகும் பந்தை எகிறித் தொட்டவன் முப்பத்தைந்தில் அரை ஜாண் குறைவாகத்தான் எட்டுவான். ஆனால் அதற்குள் அவன் இன்னொன்றைக் கற்றுக்கொண்டிருப்பான். பாயாமலே பந்தைப் பிடிக்கிற வித்தை.

கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் புரியும். எதிரணி ஆள் பெனால்டி பாக்ஸின் இடது விளிம்பிலிருந்து பந்தோடு வருகிறான். கோல் கோட்டிலேயே நிற்கும் சின்னப் பையனுக்கு இரண்டு பக்கமும் கடல்போல் இடம் திறந்திருக்கும். எங்கே அடித்தாலும் பாயவேண்டும். அனுபவஸ்தன், எதிராளி பந்தைத் தொடும் ஒவ்வொரு தடவைக்கும் நடுவே இரண்டு சின்ன எட்டு வைத்து முன்னால் வருவான். எதிராளி அடிக்கக் காலைத் தூக்கும் கணத்தில் மட்டும் அப்படியே உறைவான். தான் ஓடிக்கொண்டிருக்கும்போது அடித்தால் எதிர்ப்பக்கம் திரும்ப முடியாது அல்லவா? கீப்பர் முன்னால் வந்த நாலு அடியில் அடிப்பவனுக்குத் தெரியும் கோல் பாதியாகச் சுருங்கிவிடும். பந்து நேரே நெஞ்சில் வந்து விழும். பார்க்கிறவர்கள், கீப்பர் கையிலேயே அடிச்சிட்டான் பாரு, என்று அடித்தவனைத் திட்டுவார்கள். கீப்பருக்குப் பாராட்டே கிடையாது. இந்த நாலு அடியைக் கற்றுக்கொள்ளத்தான் பத்து வருஷம் ஆகிறது.

கார்னர் கிக்கில் வெளியே வருவதா, கோட்டிலேயே நிற்பதா. டிஃபெண்டர்களை எந்த நேரத்தில் எந்தக் குரலில் கூப்பிடுவது. பிடிப்பதா, குத்தி வெளியேற்றுவதா. எல்லாமே அடிபட்டுத்தான் வரும். ஆவடி, அம்பத்தூர்ப் பக்கத்துக் கட்டாந்தரைகளில் அடி என்பது நிஜமான அடிதான். ஒரு பக்கமாகப் பாய்ந்து விழுந்தால் இடுப்பு எலும்பும் முழங்கையும் தோலுரியும். புது கிளவ்ஸின் லேடெக்ஸ் நாலு ஆட்டத்தில் பல்லிளித்துவிடும். அதனாலேயே இங்கே வளரும் கீப்பர்கள் பாய்வதைக் குறைத்து நிற்கும் இடத்தைச் சரிசெய்யச் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. ஏழ்மை கற்றுக்கொடுத்த நல்ல பழக்கம்.

உலகத்தைப் பார்த்தால் கீப்பரின் வயதுக் கணக்கு தனியாகவே நிற்கிறது. 1982ல் இத்தாலிக்கு உலகக் கோப்பையை வாங்கிக் கொடுத்த கேப்டன் டீனோ ஸோஃப், கீப்பர், வயது 40. 2018ல் சவூதி அரேபியாவுக்கு எதிராக எகிப்துக்காக உலகக் கோப்பையில் இறங்கிய எஸ்ஸாம் எல் ஹதாரிக்கு 45 வயது 161 நாள். அந்த ஆட்டத்தில் ஒரு பெனால்டியையும் தடுத்தார். இத்தாலியின் புஃபோன் 17 வயதில் தொடங்கி 45ல் நிறுத்தினார். பிரேசிலின் ஃபாபியோ 2025 ஆகஸ்டில் தன் 44ஆவது வயதில் 1,390 ஆட்டங்களைத் தாண்டி, இங்கிலாந்தின் பீட்டர் ஷில்டன் பெயரில் நெடுங்காலம் இருந்த சாதனையை முறியடித்தார். அவரும் கீப்பர், ஷில்டனும் கீப்பர்.

நடுவில் விதிகள் வேறு மாறிக்கொண்டே இருந்தன. 1992ல், சொந்த அணிக்காரன் காலால் தட்டிக் கொடுத்த பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது என்று வந்தது. கையை மட்டும் நம்பிப் பிழைத்த ஒரு தலைமுறை முப்பது வயதுக்கு மேல் காலால் ஆடப் பழகவேண்டியதாயிற்று. இப்போது 2025லிருந்து எட்டு நொடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். நேரத்தைக் கடத்தும் பழைய தந்திரத்துக்கு மூடுவிழா.

கிள்ளானிலிருந்து ஒரு ஸ்பைடர்மேன்

தங்கராஜ் ஆட்டத்தை விட்ட காலத்தில் கடல் தாண்டி இன்னொரு தமிழர் கோல் போஸ்ட்டுக்குள் வந்தார். மலேசியாவின் ஆர். ஆறுமுகம். 1953 ஜனவரி 31 அன்று கிள்ளான் துறைமுகப் பகுதியில் பிறந்தவர். கை அவ்வளவு நீளம். மலேசியர்கள் வைத்த பெயர் ‘ஸ்பைடர்மேன்’. நெகிரி செம்பிலானுக்கும் சிலாங்கூருக்கும் ஆடினார். தேசிய அணிக்காக 1970களின் தொடக்கத்திலிருந்து 1986 வரை அவர் ஆடியதாக மலேசியக் கணக்கு சொல்வது 196 ஆட்டங்கள். இன்றைய பெரிய பெயர்களிலேயே விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான் அந்த உயரத்தைத் தொட்டிருக்கிறார்கள்.

1974 டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் மலேசியா வடகொரியாவை வீழ்த்தி வெண்கலம் வாங்கியது. 1980 ஏப்ரலில் மெர்டேகா மைதானத்தில் தென்கொரியாவை 2-1 என்று தோற்கடித்து மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. சீனர் சோ சின் ஆன் கேப்டன், சீக்கியர் சந்தோக் சிங் டிஃபென்ஸில், தமிழர் ஆறுமுகம் கோலில். மலேசியா தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்பும் கதை அப்படியே மைதானத்தில் நின்றது. ஆனால் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை போனதைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. ஜெயித்தவர்கள் வீட்டிலிருந்தார்கள், அந்த இடத்தில் இராக் போனது. தங்கராஜுக்கு இரண்டு ஒலிம்பிக் கிடைத்தது, ஆறுமுகத்துக்கு ஒன்றுகூட இல்லை. 1988 டிசம்பர் 18 அன்று கார் விபத்தில் அவர் இறந்தபோது வயது 35. ஸோஃப் உலகக் கோப்பையைத் தூக்கிய வயதுக்கு இன்னும் ஐந்து வருஷம் பாக்கி.

அந்த 1980 அணியை வைத்து 2016ல் ‘ஓலா போலா’ என்று ஒரு படம் வந்து மலேசியாவில் நன்றாக ஓடியது. அதில் வரும் கீப்பர் பாத்திரத்தின் பெயர் முத்துக்குமார். தங்கராஜை வைத்து நம் ஊரில் படம் எதுவும் வரவில்லை. ரஹீமை வைத்து இந்தியில் வந்த ‘மைதான்’ படத்தில் பதினோரு பேரில் ஒருவராக வந்துபோகிறார்.

இந்தக் காலத்துக் கணக்கு

இன்றைக்கு இந்தியக் கால்பந்துக்காரன் காகிதத்திலும் தொழில்முறைதான். ஒப்பந்தம், ஏஜென்ட், ஜெர்சி விளம்பரம் எல்லாம் உண்டு. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில் சென்னையின் எஃப்சி அணி இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையை வென்ற இறுதிப் போட்டியில் கோலில் நின்ற கரண்ஜித் சிங்கின் பாதையைப் பார்த்தால் இந்தக் காலம் புரியும். பஞ்சாப்காரர். ஜே.சி.டி. அணியில் தொடக்கம், அந்த அணியே 2011ல் மூடப்பட்டது. சல்கோகர் அணிக்குப் போய் 2010-11 ஐ-லீக் பட்டம். சல்கோகரும் 2016ல் ஐ-லீக்கிலிருந்து வெளியேறியது. பிறகு சென்னை, பிறகு கேரளா பிளாஸ்டர்ஸ். இருபது வருஷம் தாக்குப்பிடித்த கீப்பர்தான். ஆனால் அவர் நின்ற தரை அவருக்குப் பின்னால் இடிந்துகொண்டே வந்திருக்கிறது.

2025 ஆகஸ்டில் ஐ.எஸ்.எல். நடக்குமா நடக்காதா என்ற குழப்பத்தில் பெங்களூரு அணி வீரர்களின் சம்பளத்தை நிறுத்திவைத்தது. அடுத்த சில நாளில் சென்னையின் எஃப்சியும் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. 22 வயது ஃபார்வர்டு இன்னொரு அணியில் இடம் தேடலாம். ஓர் அணியில் அவனுக்கு மூன்று இடம் உண்டு. கீப்பருக்கு இருப்பது ஒரே இடம். அது அநேகமாக ஏற்கெனவே நிரம்பியிருக்கும்.

சென்னையில் பிறந்து டெல்லியில் வளர்ந்த அதிதி சௌஹான் இந்தியப் பெண்கள் அணியின் கீப்பராக இருந்தவர். 2015ல் இங்கிலாந்தில் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணிக்கு ஆடினார். அங்கே ஓர் ஆங்கில அணிக்காக ஆடிய முதல் இந்தியப் பெண். லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மேலாண்மை படிக்கப்போன இடத்தில் கிடைத்த வாய்ப்பு அது. 17 வருஷ ஆட்டத்துக்குப் பிறகு 2025 ஜூலையில் ஓய்வு அறிவித்தார். கையில் ஒரு படிப்பு இருந்தது; ஆட்டத்துக்கு வெளியே போக வழி இருந்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணியோ வேறு வழியில் நிற்கிறது. தேசிய சாம்பியன்ஷிப்பை 2018லும் 2023லும் வென்ற மாநிலம் இது. கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராக இருந்துகொண்டே இந்தியாவுக்கு ஆடியவர். அதாவது தங்கராஜ் போன அதே பாதை, எழுபது வருஷம் கழித்து, இன்னொரு சீருடையில்.

ஆவடியில் மட்டும் அந்தப் பாதை குறுகிக்கொண்டிருக்கிறது. ஆயுதத் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபர் 1 அன்று கலைக்கப்பட்டது. எச்.வி.எஃப். ஒரு கம்பெனிக்குக் கீழும், ஓ.சி.எஃப். இன்னொரு கம்பெனிக்குக் கீழும் போயின. கம்பெனி என்றால் லாபக் கணக்கு. லாபக் கணக்கில் கால்பந்து அணிக்கு எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது? இன்னும் திறந்திருக்கும் பெரிய கதவுகள் ரயில்வேயும் போலீஸும்தான். மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அது எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து.

ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். வயது 18 முதல் 25 வரை. எந்தப் பிரிவினருக்கும் தளர்வு கிடையாது. ஃபார்வர்டுக்கு அது நியாயமான வரம்பு. 25க்குள் அவனால் எவ்வளவு முடியும் என்று தெரிந்துவிடும். கீப்பர் அந்த வயதில்தான் அந்த நாலு அடியைப் பழக ஆரம்பித்திருப்பான். இன்னொரு சிக்கலும் உண்டு. விண்ணப்பத்தோடு மாநிலத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ ஆடிய சான்றிதழ் வைக்கவேண்டும். ஓர் அணிக்கு ஒரு கீப்பர்தான் ஆடுவான். முதல் கீப்பருக்கு அடிபடாதவரை இரண்டாமவன் பெஞ்சில் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு ஆட்டம் வரும்போது பெரும்பாலும் வயது தாண்டியிருக்கும். தேர்வு நாளன்று மைதானத்திலும் இதே கதைதான். பத்து ஃபார்வர்டுகள் மாறி மாறி அடிக்க, கீப்பருக்கு வருவது பாய்ந்து பிடிக்கும் பந்துகள் மட்டும். அவன் எங்கே நிற்கிறான், எப்போது குரல் கொடுக்கிறான் என்று பார்க்க ஒரு முழு ஆட்டம் வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்குவதில்லை.

கீப்பருக்கு மட்டும் வரம்பை 30 ஆக்கலாம், சோதனைக்கு முழு ஆட்டம் வைக்கலாம். அறிவிப்பில் இரண்டு வரி சேர்க்கவேண்டும், அவ்வளவுதான்.